ப்ரீகாபலின் வருஷக்கணக்கா போடுறவங்க: நீண்டகால ஆபத்தை எப்படிக் கணக்குப் பண்றீங்க?

எரிகால்:
எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை நோயால வந்த கால் எரிச்சல் எனக்கு. காலையில 75, ராத்திரி 150 மி.கி. ப்ரீகாபலின்ங்கிற நரம்புவலி மாத்திரை, பல வருஷமா ஓடிட்டிருக்கு. இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போர்வை நுனி கட்டைவிரல்ல பட்டாலே ஆளைத் தூக்கிப் போடும். பாதத்தை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். இப்போ தூங்குறேன். அந்த விஷயத்துல மருந்தைக் குறை சொல்ல மாட்டேன்.

2025-ல வந்த ஒரு ஆய்வுதான் இப்போ தூக்கத்தைக் கெடுக்குது. நாள்பட்ட இடுப்புவலிக்கு காபாபென்டின் எடுத்தவங்கள்ல, ஆறு அல்லது அதுக்கு மேல சீட்டு எழுதி வாங்கினவங்களுக்கு மறதிநோய் வர்ற வாய்ப்பு 29 சதவீதம் கூடுதலாம். ப்ரீகாபலினும் அதே குடும்பம்தானே? வீட்டுல ஆளாளுக்கு அந்தச் செய்தியை அனுப்பி "இன்னிக்கே நிறுத்து"ங்கிறாங்க. டாக்டர்கிட்ட கேட்டா நிமிர்ந்துகூடப் பார்க்காம "தொடருங்க"ங்கிறார். ரெண்டு பக்கமும் ஒத்தை வார்த்தையில முடிச்சிடுறாங்க. நடுவுல நின்னு யோசிக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கேள்விக்குறி:
யோசிக்க என்ன இருக்கு சார்? நரம்பை மந்தப்படுத்துற மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா மூளை மட்டும் தப்பிக்குமா? என் சித்தப்பா ஒரே நாள்ல தூக்கிப் போட்டார். ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கார்.

மாத்திரைப்பெட்டி:
மருந்தாளுநரா வேலை பார்க்கிறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்: எரிகால் சார், தயவுசெஞ்சு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. தூக்கமின்மை, வியர்வை, பதற்றம், குமட்டல், பழைய வலி ரெண்டு மடங்கா திரும்புறது, எல்லாம் வரலாம். வலிப்பு நோய் இருக்கிறவங்களுக்கு வலிப்பே வரலாம். குறைஞ்சது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியா குறைக்கணும்னு மருந்தோட வர்ற தாள்லயே போட்டிருக்கு. வருஷக்கணக்கா எடுத்தவங்களுக்கு வாரங்கள், சில பேருக்கு மாசங்கள்கூட ஆகும். சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம். அவர் எவ்வளவு டோஸ்ல, எத்தனை நாள் இருந்தார்னு நமக்குத் தெரியாது.

இனி அந்த ஆய்வு. அது பழைய மருத்துவப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்துச் செஞ்சது. யாருக்கும் சீட்டுக் குலுக்கி மருந்து கொடுத்து ஒப்பிடலை. எவ்வளவு மி.கி., எத்தனை நாள்ங்கிற விவரம் கணக்குல இல்லை. வலி கடுமையா இருக்கிறவங்களுக்குத்தான் ஆறு சீட்டு வரை போகும். அப்படிப்பட்ட வலியே நடமாட்டத்தைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், மனசோர்வைக் கொண்டுவரும். இது மூணுமே மறதியோட தொடர்புடைய விஷயங்கள். அப்போ மருந்தால வந்ததா, மருந்து தேவைப்பட்ட நிலைமையால வந்ததான்னு அந்த ஆய்வால பிரிச்சுச் சொல்ல முடியாது. அதுக்காக "சும்மா பூச்சாண்டி"ன்னு தள்ளவும் நான் தயாரா இல்லை. இந்த மருந்து மந்தத்தை உண்டாக்கும்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்த மந்தம் நிறுத்தினா தெளியுதா, நிரந்தரமா தங்குதாங்கிறதுதான் கேள்வி.

எரிகால்:
நன்றி. அப்போ "பாதுகாப்பானது"ன்னு எடுத்துக்கலாமா? கிட்னியைக் கெடுக்கும்னும் சொல்றாங்களே?

மாத்திரைப்பெட்டி:
கவுன்ட்டர்ல அதிகமா கேட்கிற கேள்வி இது. ப்ரீகாபலினும் காபாபென்டினும் கிட்னியைக் கெடுக்கிற மருந்துங்க இல்லை. விஷயம் தலைகீழ். இது ரெண்டும் கல்லீரல்ல கரையாம, போன மாதிரியே சிறுநீர்ல வெளியேறும். கிட்னி மெதுவானா மருந்து உடம்புல தேங்கும். நீங்க அதே 225 மி.கி.தான் போடுவீங்க, ஆனா ரத்தத்துல இருக்கிறது அதைவிடப் பெரிய டோஸ் மாதிரி வேலை செய்யும். கிட்னி வடிகட்டுற வேகம் நிமிஷத்துக்கு 60 மி.லி.க்குக் கீழே இறங்கினாலே டோஸைக் குறைக்கணும்னு விதி இருக்கு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வருஷம் போகப் போக கிட்னி இறங்குறது சகஜம். உங்க சீட்டுல ஆரம்பத்துல எழுதின டோஸ் அப்படியே ஓடுதுன்னு நினைக்கிறேன். கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியா எப்போ பார்த்தீங்க? ஈஜிஎஃப்ஆர், அதாவது நான் சொன்ன அந்த வடிகட்டுற வேகம், எவ்வளவு?

அதோட, கணுக்கால் எலும்புக்கு மேல விரலை வச்சு பத்து எண்ணுற வரைக்கும் அழுத்திப் பாருங்க. குழி விழுந்து நின்னா வீக்கம். ப்ரீகாபலின் அதைச் செய்யும். சர்க்கரைக்கு பியோகிளிட்டசோனும் சேர்ந்து ஓடினா வீக்கம், எடை ரெண்டுமே கூடும். இதயம் பலவீனமா இருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொண்ணு. 2019 டிசம்பர்ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த ரெண்டு மருந்துக்கும் மூச்சுத் தளர்ச்சி எச்சரிக்கை கொடுத்தது. வயசானவங்க, நுரையீரல் நோய் உள்ளவங்க, கூடவே டிராமடால் மாதிரி ஓபியாய்டு வகை வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ போடுறவங்க, இவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மதுவும் இதுல சேர்த்தி. மறதி வருமா வராதான்னு பயந்துக்கிட்டு இருக்கிற நேரத்துல, நிச்சயமா தெரிஞ்ச இந்த ஆபத்தைப் பலபேர் கேட்கிறதே இல்லை.

தேன்சிட்டு:
அம்மாவுக்காக எழுதுறேன். எழுபதைத் தாண்டினவங்க. அக்கி வந்து போன இடத்துல வலி மட்டும் நின்னுடுச்சு. நரம்புவலிக்கும் கொடுக்கிற மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின், 10 மி.கி.ல ஆரம்பிச்சு 25 ஆச்சு. வலி குறைஞ்சது உண்மை. ஆனா வாய் காய்ஞ்சு நாக்கு ஒட்டும், மலச்சிக்கல், ராத்திரி எழுந்து பாத்ரூம் போனா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து எங்க பெரியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு உதறல் எடுத்தது.

டாக்டர்கிட்ட சொன்னதும் அதே மாதிரி இன்னொரு மருந்தான டூலாக்செடினுக்கு மாத்தினார். வாய் வறட்சி போச்சு, தெளிவும் வந்துச்சு. சில வாரத்துல சோர்வு, குமட்டல். ரத்தத்துல சோடியம் இறங்கியிருந்தது. வயசான பெண்களுக்கு அந்த மருந்துல இது வரும்னு அப்புறம்தான் சொன்னாங்க, அதுவும் பிபிக்கு நீர் பிரியிற மாத்திரை கூட ஓடுறதால. முதல்லயே ஒரு சோடியம் டெஸ்ட் எழுதியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?

இப்போ வலி இருக்கிற இடத்துல, மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன் 5% பட்டை ஒட்டுறோம். 12 மணி நேரம் ஒட்டணும், 12 மணி நேரம் எடுத்துடணும். வலி முழுசாப் போகலை. ரவிக்கை உரசுற அளவுக்குத் தாங்குறாங்க. ஆள் தெளிவா இருக்காங்க, எனக்கு அது போதும்.

மாத்திரைப்பெட்டி:
தேன்சிட்டு மேடம், அமிட்ரிப்டிலின் 65 வயசைத் தாண்டினவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் பட்டியல்ல இருக்கு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடுற பட்டியல் அது. மறதிநோய்த் தொடர்பு பத்திப் பேசினா, காபாபென்டினைவிட இந்த வகை மருந்துகள் மேல ரொம்ப நாளா, நிறைய ஆய்வு இருக்கு. அதெல்லாம்கூட பதிவுகளைப் பார்த்துச் செஞ்சதுதான், இருந்தாலும் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டுது. ப்ரீகாபலினைப் பார்த்துப் பயந்து அமிட்ரிப்டிலினுக்குப் போறவங்க இதை யோசிக்கணும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருந்தா சிறுநீர் அடைச்சுக்கிற அபாயமும் உண்டு. இதயத் துடிப்புல கோளாறு இருந்தா ஈசிஜி பார்க்காம ஆரம்பிக்கவே கூடாது.

அக்கி வலியில ஒரு ஆறுதல், பலபேருக்கு அது காலப்போக்குல தானா தணியும். அதனால பட்டையைக்கூட அப்பப்போ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

பொன்வண்டு:
எனக்கு முகத்துல. முகத்து உணர்வு நரம்போட மூணாவது கிளை, கீழ்த்தாடைப் பக்கம். பல் துலக்குற பிரஷ் ஈறுல ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டா மின்னல் வெட்டும். காத்து பட்டாலும் வரும். வலிப்புக்கும் இந்த வலிக்கும் கொடுக்கிற கார்பமாசெபின் தொடங்குறதுக்கு முன்னாடி சாப்பிடப் பயந்து எடை இறங்கி, பேசப் பயந்து போனையே எடுக்க மாட்டேன்.

"மருந்தோட ஆபத்து"ன்னு பேசுறப்போ மருந்து இல்லாம இருக்கிற ஆபத்தை யாரும் எழுதுறதில்லை. பட்டினி, தூக்கமின்மை, தனிமை, இதுக்கெல்லாம் பக்கவிளைவுப் பட்டியல் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பார்த்த வரைக்கும் ஆபத்துங்க எல்லாம் ஒரே மாதிரி வர்றதில்லை. சிலது வாசல்லயே நிக்கும். கார்பமாசெபின்ல தோல் உரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகுற ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வருதுன்னா, பெரும்பாலும் முதல் சில மாசத்துக்குள்ளயே வந்துடும். ஆசிய வம்சாவளியினருக்கு ஹெச்எல்ஏ-பி 1502 மரபணுப் பரிசோதனை பார்த்துட்டு ஆரம்பிக்கணும்னு 2007-லயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லிடுச்சு. அந்தக் காலத்தைத் தாண்டிட்டா அந்தப் பயம் பெருமளவு குறையும். சிலது சத்தமில்லாம சேரும்: எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, எடை. சிலது மருந்தால மட்டும் வராது, நமக்கு வயசாகுறதால வரும். முப்பது வயசுல கிறுகிறுப்பு வந்தா உட்கார்ந்துக்கலாம். எழுபதுல அதே கிறுகிறுப்பு இடுப்பெலும்பை முறிச்சுடும். மாத்திரை அதேதான், உடம்புதான் மாறிடுச்சு. எரிகால் சார் கேட்க வேண்டியது "இது ஆபத்தா"ங்கிறதை இல்லை, "இப்போ எனக்கு எது ஆபத்து"ங்கிறதைத்தான்னு எனக்குத் தோணுது.

கூடுதலா ஒரு வரி: கார்பமாசெபின் கருத்தடை மாத்திரையோட வேலையைக் கெடுக்கும். எனக்கு இதைச் சொன்னது டாக்டர் இல்லை, மருந்துக்கடைப் பொண்ணு.

கேள்விக்குறி:
சரி, நான் மொட்டையா பேசினேன்னு வச்சுக்கோங்க. கேள்வியை வேற மாதிரி கேட்கிறேன். 2015-ல லான்செட் நியூராலஜி மருத்துவ இதழ்ல பழைய ஆய்வுகள் எல்லாத்தையும் தொகுத்துப் போட்டாங்க. ப்ரீகாபலினால ஒருத்தருக்கு வலி பாதியா குறையணும்னா 7.7 பேருக்குக் கொடுக்கணும்னு அதுல கணக்கு. அதாவது எட்டுல ஒருத்தர். டூலாக்செடின் வகைக்கு 6.4, அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எத்தனை நாள் நடந்தது? சில வாரங்கள், அதிகபட்சம் மூணு மாசம் மாதிரி. மூணு மாச ஆய்வை நம்பி பத்து வருஷம் மாத்திரை எழுதுறாங்க. சயாட்டிகாவுக்கு, அதாவது இடுப்புல இருந்து கால் வரைக்கும் இறங்குற நரம்புவலிக்கு, ப்ரீகாபலின் வெத்து மாத்திரையை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற, மருந்து இல்லாத மாத்திரை) விட ஒண்ணும் அதிகமா செய்யலைன்னு 2017-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்துச்சு. தலைசுத்தல் மட்டும் அதிகம். இன்னும் இடுப்புல இருந்து கால் இழுக்குதுன்னு போனா அதைத்தான் எழுதித் தர்றாங்க. பிரிட்டன்ல 2019 ஏப்ரல்ல இருந்து ப்ரீகாபலின், காபாபென்டின் ரெண்டும் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல. காரணம் இல்லாமயா?

மாத்திரைப்பெட்டி:
இதுல நான் சண்டை போட ஒண்ணும் இல்லை. சயாட்டிகா விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆய்வுக் காலம் குறைவுங்கிறதும் சரி.

ஒரே ஒரு திருத்தம். "எட்டுல ஒருத்தர்"ங்கிறது வெத்து மாத்திரையில வர்ற பலனைக் கழிச்சபிறகு நிக்கிற கணக்கு. மருந்து சாப்பிட்டுப் பலன் பார்த்தவங்க அதைவிட அதிகமாவே இருப்பாங்க. அதோட அது கூட்டத்தோட சராசரி. எரிகால் சாருக்கு இது சராசரியாவா வேலை செய்யுது? ஒண்ணு செய்யுது, இல்லைன்னா செய்யலை. ஆரம்பிச்சு சில வாரத்துல, சரியான டோஸ்ல பலன் இல்லைன்னா நிறுத்திடணும். நடைமுறையில பலன் இல்லைன்னா டோஸைக் கூட்டுறாங்க, அப்புறம் மேல இன்னொண்ணு சேர்க்கிறாங்க, எதையும் எடுக்கிறதில்லை. எனக்குக் கோபம் வர்ற இடம் அதுதான். காபாபென்டின்ல இது இன்னும் வேடிக்கை. குடல் அதை ஒரு அளவுக்கு மேல உறிஞ்சாது. நாளைக்கு 900 மி.கி. போட்டா 60 சதவீதம் உள்ளே போகும், 4800 போட்டா 27 சதவீதம்தான்.

சர்க்கரை நோய்க் கால்வலிக்குன்னே 2022-ல லான்செட்ல ஒரு ஒப்பீடு வந்தது. அமிட்ரிப்டிலின், டூலாக்செடின், ப்ரீகாபலின் மூணுல எதை முதல்ல ஆரம்பிச்சாலும் வலி குறைஞ்ச அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறதுங்கிறதை முடிவு பண்ணப் போறது வலி இல்லை, பக்கவிளைவு. சோடியம், பிபி, கல்லீரல் பிரச்சினை இருந்தா டூலாக்செடின் கொடுக்கிறதுக்கு முன்னாடி தயங்கணும். கிட்னி, வீக்கம், எடைப் பிரச்சினைன்னா ப்ரீகாபலினுக்குத் தயங்கணும். வயசு, இதயம், புராஸ்டேட் பிரச்சினைன்னா அமிட்ரிப்டிலினுக்குத் தயங்கணும்.

இன்னொரு விஷயம், இது எதுவுமே நரம்பைக் குணப்படுத்துறதில்லை. வலிச் செய்தியை அடக்குது, அவ்வளவுதான். அதனால மெதுவா குறைச்சுப் பார்க்கிறதால நரம்பு கூடுதலா கெட்டுப்போகாது. வருஷத்துக்கு ஒரு தடவை "இன்னும் தேவைதானா"ன்னு டாக்டரோட சேர்ந்து குறைச்சுப் பார்க்கலாம்.

நெறியாளர்:
இழை நல்லாப் போகுது. ஒரு வேண்டுகோள்: "நீங்க இத்தனை மி.கி. குறைங்க"ன்னு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்படி வந்த ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கேன்.

ஒற்றைப்பனை:
எல்லாரும் பெரிய மருந்தைப் பத்தியே பேசுறீங்க. நரம்புக்கு நல்லதுன்னு கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை ஓடுமே, அதோட அட்டையைத் திருப்பிப் பார்த்தீங்களா? பைரிடாக்சின், அதாவது பி6, எவ்வளவுன்னு பாருங்க. பி6 அதிகமா ரொம்ப நாள் போனா அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் மதமதப்பு, எரிச்சல், நடக்கும்போது தடுமாற்றம். எந்த வியாதிக்காகப் போடுறோமோ அதே அறிகுறி! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல நாளைக்கு 12 மி.கி.தான் உச்ச வரம்புன்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவுல 100. நான் போட்டுக்கிட்டிருந்த மாத்திரை ஒண்ணுலயே 100 இருந்தது, ரெண்டு வேளை. நரம்பு டாக்டர் அட்டையைப் பார்த்து நிறுத்தினார். சில மாசத்துல தடுமாற்றம் நல்லாவே குறைஞ்சது, எரிச்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

எரிகால் சார், மெட்ஃபார்மின் எடுக்கிறீங்கன்னா பி12 அளவு பார்த்தாச்சா? அது பி12-ஐக் குறைக்கும். குறைஞ்சாலும் கால் எரியும். சர்க்கரைதான் காரணம்னு நினைச்சு ப்ரீகாபலினைக் கூட்டிக்கிட்டே போவாங்க.

நீலாம்பரி:
குழந்தைக்குத் திட்டமிடுறவங்க யாராவது இதைப் படிச்சா: கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துல ப்ரீகாபலின் எடுத்தவங்க குழந்தைகள்ல பெரிய பிறவிக் குறைபாடு 5.9 சதவீதம், எடுக்காதவங்கள்ல 4.1 சதவீதம்னு நார்டிக் நாடுகளோட பதிவுகள்ல தெரிஞ்சது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல இதைச் சொல்லித்தான் எச்சரிச்சது. நான் திட்டமிட்டு, டாக்டர் மேற்பார்வையில, முன்கூட்டியே குறைச்சேன். தெரியாம கர்ப்பமாயிட்டா பதறிப்போய் நீங்களா நிறுத்தாதீங்க, உடனே போய்ப் பேசுங்க.

மயிலிறகு:
கணக்கு எழுதுற வேலை எனக்கு. விபத்துக்குப் பிறகு கை நரம்பு வலி. ப்ரீகாபலின் 300-ல வலி பத்துக்கு மூணு. ஆனா எண்களைக் கூட்டும்போது மேல் வரி மறந்துபோகும். தெரிஞ்சவங்க பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்கும், வெளியே வராது. மனசும் ஒரு மாதிரி தட்டையாச்சு. நல்ல செய்தி கேட்டாலும் "சரி"ன்னு தோணும், அவ்வளவுதான். ப்ரீகாபலினும் வலிப்பு மருந்து வகைதான்; வலிப்பு மருந்துகள் எல்லாத்துக்கும் தற்கொலை எண்ணம் பத்தின எச்சரிக்கை 2008-ல சேர்த்தாங்க. மருந்து எடுத்தவங்கள்ல 0.43 சதவீதம், வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 0.24. எண் சின்னதுதான். ஆனா வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது "நான் மாறிட்டா சொல்லு"ன்னு சொல்லி வைக்கணும். என் தங்கைதான் சொன்னா.

டோஸ் பாதியாச்சு. வலி இப்போ அஞ்சு. கூட்டல் சரியா வருது. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல எது எனக்குப் பெரிசுன்னு எந்த ஆய்வும் சொல்லாது. வேற வேலையில இருந்திருந்தா மூணையே வச்சிருப்பேனோ என்னவோ.

கேள்விக்குறி:
மயிலிறகு, இதுக்குத்தான் நான் கத்துறேன். இந்தப் பேச்சை நம்மகூட உட்கார்ந்து பேச எந்த டாக்டருக்கு நேரம் இருக்கு?

பொன்வண்டு:
நேரம் இல்லைதான். அதனால நான் ஒரு துண்டுச் சீட்டோட போவேன். "வேலை செய்யுதா, இல்லாட்டி என்ன ஆகும், எந்த டெஸ்ட் எப்போ" மூணே வரி. அதை மேஜை மேல வச்சுட்டா பதில் சொல்லாம சீட்டு எழுத அவங்களுக்கே கூச்சமா இருக்கும்.

எரிகால்:
துண்டுச் சீட்டோட போய்ட்டு வந்தேன். இந்தத் தடவை வேற டாக்டர். ஈஜிஎஃப்ஆர் 52. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 70-க்கு மேல இருந்தது, டோஸை யாரும் தொடலை. காலையில போடுற 75-ஐ நிறுத்திட்டு ராத்திரி 150 மட்டும் போடச் சொன்னார். கணுக்கால்ல குழி விழுந்ததைக் காட்டினேன், இதய எக்கோ எழுதியிருக்கார். பி12 குறைவு, ஊசி ஆரம்பிச்சாச்சு. ஒற்றைப்பனை, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். மறதி ஆய்வைப் பத்தியும் கேட்டேன். "எனக்கும் உறுதியாத் தெரியாது, குறைஞ்ச டோஸ்ல எவ்வளவு ஓட்ட முடியுமோ ஓட்டுவோம்"னார். அந்தப் பதில் எனக்குப் பிடிச்சிருந்தது.

இப்போ காலையில தலை தெளிவா இருக்கு. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு மேல ஷூவுக்குள்ள எரிச்சல் திரும்புது. மிளகாய்க் காரத்துல இருக்கிற கேப்சைசின் 8% பட்டை பத்திச் சொன்னார், ஆஸ்பத்திரியில வச்சு அரை மணி நேரம் ஒட்டுவாங்களாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை. பாதத்துக்குப் போட்டவங்க யாராவது இருக்கீங்களா? ஒட்டும்போது எரியுறது எவ்வளவு நேரம் இருக்கும்?

தேன்சிட்டு:
அம்மாவுக்கு முதுகுல ஒரு தடவை போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் நல்லா எரிஞ்சுது, ஈரத் துணி வச்சோம். ரெண்டாம் நாள் அடங்கிடுச்சு. வெந்நீர்க் குளியல் மட்டும் சில நாள் வேண்டாம். பாதத்துல உணர்வு எவ்வளவு இருக்குன்னு முதல்ல சோதிச்சுக்கச் சொல்லுங்க, புண் ஏதும் இருந்தா போட மாட்டாங்க.